உங்கள் பொறுப்பில் ஒரு பழைய குளம்: திருகோணமலையில் சிறு குளக்கட்டைப் பாதுகாக்கும் வழி

கமக்காரர் அமைப்பிலோ ஊர்க் குடிநீர்ச் சங்கத்திலோ புதிதாகப் பதவி ஏற்றிருக்கிறீர்கள். பதவியோடு ஒரு குளமும் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. முன்னிருந்தவர் ஒரு திறப்பையும் கிழிந்த கோவையொன்றையும் தந்துவிட்டுப் போயிருப்பார். துருசு (வயலுக்கு நீர் விடும் மதகு) கடைசியாக எப்போது திறந்தது, கட்டின் அடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல், மொறவெவ எனத் திருகோணமலை மாவட்டத்தில் எந்தப் பக்கமாக இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு அடி உயர மண்கட்டும் ஒரு துருசும், குளம் நிறைந்தால் மிகுதி நீர் வழிந்தோடும் ஒரு வானும் உள்ள குளமென்றால் இங்கே சொல்பவை பொருந்தும். கந்தளாய் போன்ற பெருங்குளங்களுக்குத் தனிப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் குளத்துக்கு நீங்கள்தான்.

1. குளம் யாருடையது என்று எழுத்தில் பெறுங்கள்

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இதுதான். 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை வயலுக்குப் பாயும் குளங்கள் சிறு நீர்ப்பாசனக் குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ இருக்கும். குடிநீருக்கு எடுக்கும் குளமென்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையோ பிரதேச சபையோ ஊர்ச் சங்கமோ இதற்குள் வரும். சிக்கல் இங்கேதான் தொடங்கும். தண்ணீர் எடுக்கும் குழாய் ஒருவருடையது, கட்டு இன்னொருவருடையது, குளத்தைச் சுற்றிய ஒதுக்குக் காணி மூன்றாமவருடையது என்று இருக்கும். கட்டில் ஓட்டை விழுந்தால் கடிதம் மூன்று அலுவலகத்துக்கும் சுற்றி வரும்.

கமநல சேவைகள் நிலையத்தில் குளங்களின் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் குளத்தின் பெயர், பாயும் பரப்பு, கட்டின் நீளம், வானின் நீளம், வான்மட்டம் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, பொறுப்பு யாருக்கு என்பதை ஒரு வரியிலாவது கடிதமாகக் கேளுங்கள். பழைய வரைபடத்தைத் தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

எந்தக் கடிதத்தையும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "ஐயாவிடம் நேரில் சொன்னோம்" என்பது அந்த ஐயா இடமாற்றம் பெற்றதும் பெறுமதி இழந்துவிடும்.

2. ஒரு கொப்பி, சில முளைகள், ஓர் அளவுக் கம்பம்

கட்டின் ஒரு நுனியிலிருந்து 20 மீற்றருக்கு ஒன்றாகக் கொங்கிறீற் முளையோ கம்பித் துண்டோ நட்டு எண் போடுங்கள். 400 மீற்றர் கட்டுக்கு 21 முளை போதும். இனிமேல் "புளியடிக்குக் கிட்ட ஒரு கசிவு" என்று எழுத வேண்டாம். "7 ஆம் முளையிலிருந்து 4 மீற்றர் தெற்கே, வெளிப்பக்க அடியில்" என்று எழுதுங்கள். புளியை யாராவது வெட்டிவிடலாம்.

துருசடியில் அளவுக் கம்பம் இல்லாவிட்டால் அடி, அங்குலம் குறித்து ஒன்றை நிறுத்துங்கள். அதன் சுழியம் துருசின் அடித்தளத்தில் இருக்க வேண்டும், வான்மட்டத்தைச் சிவப்புக் கோடாகக் காட்ட வேண்டும். கோடையில் கிழமைக்கு ஒரு முறையும் ஒக்டோபர் முதல் சனவரி வரை நாளுக்கு ஒரு முறையும், அடைமழை நேரத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் மட்டத்தைப் பதியுங்கள். பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆனால் வேறெந்தக் கருவியும் சொல்லாத செய்தியை இரண்டு மாரி கடந்த கொப்பி சொல்லும்.

கட்டின் மேல்மட்டத்தையும் ஒரு முறை அளக்க வேண்டும். மேசன்மார் வைத்திருக்கும் தெளிவான நீர்மட்டக் குழாய் போதும். ஒவ்வொரு முளையிலும் கட்டின் உச்சி வான்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று குறியுங்கள். பழைய கட்டுகளில் மாட்டு வழி, துருசுக்கு மேற்பகுதி, உழவு இயந்திரம் ஏறி இறங்கும் இடம் ஆகிய மூன்றும் தாழ்ந்திருக்கும். மீதிக் கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும் வெள்ளம் ஏறுவது அந்தத் தாழ்ந்த இடத்தால்தான். மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் வெளிச்சரிவு அரிந்து கட்டு உடைய நெடுநேரம் எடுக்காது.

3. கட்டை நடந்து பார்ப்பது

உச்சியால் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்புவதைப் பரிசோதனை என்று எழுதிவைக்கிறவர்கள் உண்டு. உச்சியிலிருந்து பார்த்தால் கட்டைக் கொல்லும் எதுவும் கண்ணில் படாது. மூன்று தடவை நடக்க வேண்டும்: நீர்ப்பக்கச் சரிவால் போய், உச்சியால் திரும்பி, வெளிப்பக்க அடியால் மீண்டும் போக வேண்டும். வெளிப்பக்க அடியில் செருப்பில்லாமல் நடப்பது நல்லது. கண்ணுக்கு முன் கால் ஈரத்தைக் கண்டுபிடிக்கும். அதிகாலையில் போனால் சாய்வெயிலில் சரிவின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.

நீர்ப்பக்கத்தில் கல்லடுக்கு சரிந்த இடங்களையும் அலை அரித்த படிகளையும் தேடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் தென்மேற்குக் கரையில் அலை ஓயாமல் அடிக்கும். கட்டு அந்தப் பக்கம் இருந்தால் முதலில் போவது அங்குள்ள கல்தான். கல்லை மட்டும் திரும்ப அடுக்கினால் அடுத்த மாரியில் மீண்டும் சரியும். கல்லுக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் சரளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை கல்லிடுக்கால் மண்ணை உறிஞ்சிவிடும்.

உச்சியில் வெடிப்பைப் பாருங்கள். நீளவாட்டில் ஓடும் வெடிப்பு பெரும்பாலும் சரிவு நழுவத் தொடங்கியதைச் சொல்கிறது. அதன் ஒரு விளிம்பு மறுவிளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குறுக்காக, குளத்திலிருந்து வயலை நோக்கி ஓடும் வெடிப்பு அதைவிட ஆபத்தானது. தண்ணீர் ஏறினால் அதுவே வாய்க்காலாகிவிடும். ஓகஸ்ட் வெயிலில் களிமண் காய்ந்து வரும் வலைபோன்ற மெல்லிய வெடிப்பு வேறு. அது விரல் ஆழத்தோடு நிற்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு முழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். வெள்ளைக் கோடு எங்கே முடிகிறதோ அதுவரை வெடிப்பு இருக்கிறது. சரிசெய்வதென்றால் அந்த ஆழத்துக்குக் கீழே இன்னும் ஓர் அடி தோண்டி, நனைத்து, அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். மேலே கிறவலைத் தூவி மூடுவது வெடிப்பை ஒளிக்க மட்டுமே உதவும்.

வெளிப்பக்கத்தில் தேட வேண்டியவை: கோடையிலும் பச்சையாக நிற்கும் புல், நாணல் முளைத்த இடம், கால் புதையும் சேறு, திடீரென்று விழுந்த குழி, அடியில் பிதுங்கிய மேடு. துருசுக் குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே ஒரு குழி விழுந்திருந்தால் அதை எலி வளை என்று விட்டுவிடாதீர்கள். குழாயோரமாக மண் போய்க்கொண்டிருக்கலாம்.

4. கசிவை அளப்பது

மண்கட்டு என்றால் கசியும். கசிவு இருப்பது குற்றமல்ல. இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் தெரிய வேண்டும்: தண்ணீர் தெளிவாக வருகிறதா, அதே குளமட்டத்தில் போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா?

தெளிவைப் பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கட்டின் உள்ளே அரிப்பு நடக்கிறது. போத்தலில் திகதியும் முளை எண்ணும் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். கலங்கிய கசிவு சிறியதாக இருந்தாலும், தெளிவான பெரிய கசிவைவிட அதுவே அவசரமானது.

அளவைப் பார்க்க, கசிவெல்லாம் ஒரு சிறு வாய்க்காலில் சேரும்படி செய்து, 10 லீற்றர் வாளியில் பிடித்து நேரம் எண்ணுங்கள். 40 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லீற்றர். வாளி வைக்க முடியாத அளவுக்குக் கசிவு இருந்தால், தகட்டில் 90 பாகைக் கோணத்தில் முக்கோண வெட்டு வெட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே நிறுத்துங்கள். இரும்பு ஒட்டும் கடைக்காரர் அரை நாளில் செய்து தருவார். வெட்டின் அடிமூலையிலிருந்து நீர்மட்டம் 3 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 லீற்றர், 5 சென்ரிமீற்றரென்றால் 46 லீற்றர், 10 சென்ரிமீற்றரென்றால் 260 லீற்றர் போகிறது. உயரம் இரட்டித்தால் நீர் ஐந்து மடங்குக்கும் மேலாகக் கூடுவதைக் கவனியுங்கள். "கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. உயரத்தை வெட்டின் வாயில் அளக்காதீர்கள், அங்கே தண்ணீர் வளைந்து விழும். அரை மீற்றர் பின்னால், தண்ணீர் அமைதியாக நிற்கும் இடத்தில் அளவுக் குச்சியை நடுங்கள்.

குளம் நிறைந்திருக்கும்போது கசிவு திடீரென்று குறைந்தாலும் மகிழ வேண்டாம். வெளியேறும் வழி அடைபட்டு, தண்ணீர் வேறிடம் தேடிக்கொண்டிருக்கலாம். அன்று கட்டு முழுவதையும் நடந்து பாருங்கள்.

கசியும் வாயை வெளிப்பக்கத்திலிருந்து சீமெந்தாலோ களிமண்ணாலோ அடைக்காதீர்கள். ஊரில் முதலில் எல்லோரும் செய்வது அதைத்தான். அடைத்த தண்ணீர் கட்டுக்குள் அழுத்தமேறி இன்னும் உயரத்தில் வெடித்து வரும். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விட வேண்டும். கசிவின் மேல் முதலில் கழுவிய பருமணல் ஒரு முழம், அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லி ஒரு சாண், கடைசியில் கருங்கல். இந்த ஒழுங்கு மாறினால் பயனில்லை. நேரே கருங்கல்லைப் போட்டால் கல்லிடுக்கால் மண் போய்க்கொண்டே இருக்கும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

5. வான்: இங்கே ஒரு விரல்கூட அடைக்காதீர்கள்

கட்டுக்கென்று கிடைக்கும் காசில் பெரும்பங்கு உச்சிக்குக் கிறவல் போடுவதிலேயே கரைகிறது, ஏனென்றால் அது பாதையாகவும் பயன்படுகிறது. எங்கள் கருத்தில் காசு முதலில் வானுக்கும் அடுத்தது துருசுக்கும் போக வேண்டும். உச்சிக் கிறவல் கடைசி.

கணக்கைப் பாருங்கள். 10 மீற்றர் நீள வான். வான்மட்டத்துக்கு மேல் 90 சென்ரிமீற்றர் வரை தண்ணீர் ஏற இடமுண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் வானால் வினாடிக்கு ஏறத்தாழ 14.5 கனமீற்றர் போகும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் தேக்கலாமென்று யாரோ வானின்மேல் 30 சென்ரிமீற்றர் மண்மூட்டை அடுக்கினால், மிஞ்சும் 60 சென்ரிமீற்றரால் 7.9 கனமீற்றர்தான் போகும். ஓர் அடி மூட்டையால் வானின் பலம் பாதியாகிறது. மீதித் தண்ணீர் கட்டுக்கு மேலால்தான் போக வேண்டும். ஒரு சதுரக் கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்து பாதி ஓடிவந்தாலே 50,000 கனமீற்றர் குளத்துக்குள் வந்து சேரும். நவம்பர், டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை புதுமையல்ல.

பலகையும் மூட்டையும் மட்டுமல்ல, மீன் வலையும் வானை அடைக்கும். வான் பாயும்போது மீன் பிடிக்க வலை கட்டுவார்கள். அதில் சல்வீனியா, ஆற்றுவாழை போன்ற மிதக்கும் களைகள் வந்து சிக்கினால் வலை சுவராகிவிடும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே "வானில் வலை கட்டுவதில்லை, மூட்டை வைப்பதில்லை" என்று தீர்மானம் எழுதி, மீன்பிடிச் சங்கத்தாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். வலை கட்ட வேண்டுமென்றால் வானுக்குக் கீழே, வாய்க்காலில் ஐம்பது மீற்றர் தள்ளிக் கட்டட்டும்.

வானுக்குக் கீழே போகும் வாய்க்காலை யாரும் பார்ப்பதில்லை. பல வருடம் வான் பாயாத குளத்தில் அந்த வாய்க்கால் வயலாகவோ வீட்டு வேலியாகவோ மாறியிருக்கும். அதை மீட்க ஊர் முகம் பார்க்காமல் கிராம உத்தியோகத்தரையும் நில அளவை வரைபடத்தையும் கொண்டு எல்லை குறிக்க வேண்டும். மழை தொடங்கிய பின் கேட்டால் சண்டையில்தான் முடியும், யூலையில் கேளுங்கள்.

வானின் கொங்கிறீற் முடியும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், அலவாங்கைக் கொங்கிறீற்றுக்கு அடியில் செலுத்திப் பாருங்கள். உள்ளே வெறுமையாகப் போனால் தளத்துக்கு அடியில் மண் இல்லை. மேலே பூசுவதால் பயன் வராது.

6. துருசும் குடிநீர்க் குழாயும்

துருசை வருடத்தில் இரண்டு தடவையாவது, மே மாதத்திலும் செப்டெம்பரிலும் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். திருகுத் தண்டை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு துடைத்துவிட்டுக் கிறீஸ் பூசுங்கள். முழுதாக மூடியதிலிருந்து முழுதாகத் திறக்கும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். போன முறை 42 சுற்று, இம்முறை 36-இல் நின்றுவிட்டதென்றால் கதவுக்கடியில் கல்லோ கட்டையோ இருக்கிறது. அப்போது இரும்புக் குழாயைக் கைபிடியில் செருகி நாலு பேர் சேர்ந்து முறுக்கினால் தண்டு தண்ணீருக்கடியில் வளைந்துவிடும். பிறகு குளம் வற்றும்வரை ஒன்றும் செய்ய முடியாது. சிறிது திறந்து, ஓட்டத்தில் கல்லை அடித்துப் போக விட்டு, மீண்டும் மூடிப் பாருங்கள்.

நிறைந்த குளத்தை அவசரமின்றி வேகமாக இறக்காதீர்கள். நாளுக்கு ஓர் அடி என்பது கைக்கணக்கு. அதற்குமேல் போனால், நீர் ஊறிய உட்சரிவு தன் பாரத்தைத் தாங்காமல் நழுவும்.

துருசுக் குழாய்க்கு வெளியே, குழாயின் ஓரமாகத் தண்ணீர் வருகிறதா என்று வெளிமுகச் சுவரில் பாருங்கள். கதவு முழுதாக மூடியிருந்தும் சுவரைச் சுற்றி நீர் வந்தால் குழாயைச் சுற்றிய மண் தளர்ந்திருக்கிறது. பழைய குளங்களில் கட்டு உடையத் தொடங்கும் இடம் பல தடவை இதுதான், ஏனென்றால் வட்டக் குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணை எவராலும் சரியாக இடிக்க முடியாது. குழாயைச் சுற்றிக் கொங்கிறீற் வளையம் கட்டுவது பழைய முறை. அந்த வளையத்தின் ஓரத்திலும் மண்ணை இறுக்க முடியாது என்பதால் இப்போது குழாயின் வெளிப்பக்க முடிவுக்கு அருகே சுற்றிலும் பருமணல் வடிகட்டி வைப்பதையே விரும்புகிறார்கள். மதிப்பீடு போட வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள்.

குடிநீர்ச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பம்பி வீட்டிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்குக் குழாய் கொண்டுபோகக் கட்டைக் குறுக்காக வெட்டிப் பதிக்காதீர்கள். இரண்டு அங்குலப் பிளாஸ்திக் குழாயானாலும் வேண்டாம். வெட்டிய கானை எவ்வளவு மிதித்து மூடினாலும் அது தண்ணீருக்கு ஒரு வழிதான். குழாயைக் கட்டின் உச்சிக்கு மேலால், வெள்ளமட்டத்துக்கு மேலே எடுத்துச் செல்லுங்கள். அல்லது கட்டு முடிந்து இயற்கைத் தரை தொடங்கும் இடத்தால் சுற்றிப் போங்கள். குழாய் நீளம் கூடும், அந்தச் செலவு மலிவு.

எடுக்கும் வாயை அடித்தளத்தில் வைக்காமல் மிதவையில் கட்டி, மேல்மட்டத்திலிருந்து ஓரிரு அடிக்குக் கீழே நிற்க விடுங்கள். ஓகஸ்டில் குளம் வற்றி நீர் பச்சையாக மாறும்போது எருமைகளும் அங்கேயே கிடக்கும். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 தரத்தின்படி சோதித்துக்கொள்ளுங்கள்.

7. மரம், புற்று, மாடு

கட்டில் நிற்க வேண்டியது புல் மட்டுமே. அறுகு போன்ற தாழ்ந்த புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி வையுங்கள். பற்றைக்குள் கசிவும் தெரியாது, வளையும் தெரியாது. இப்பில் இப்பில், வேம்பு, நாவல் கன்றுகளைக் கட்டைவிரல் பருமனில் வேரோடு பிடுங்குங்கள். வெளி அடியிலிருந்து ஐந்து மீற்றர் வரை மரம் வேண்டாம்.

ஏற்கெனவே வளர்ந்த பெருமரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், சில வருடத்தில் வேர் உக்கிக் கட்டுக்குள் குழாய்போல வெறுமை வரும். வெட்டுவதென்றால் கோடையில், வேரைத் தோண்டி எடுத்து, குழியை இடித்து நிரப்ப ஆளும் மண்ணும் தயாராக வைத்துக்கொண்டு வெட்டுங்கள். முடியாதென்றால் வெட்டாமல் கண்காணியுங்கள். குளக்கட்டு அரச காணி என்பதால் எழுத்தில் அனுமதி இல்லாமல் கத்தியை வைக்காதீர்கள். பெண்பனை வெட்டுவதற்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும்.

கறையான் புற்றை மேலே தட்டிவிடுவதில் பயனில்லை. உள்ளறை வரை தோண்டி அதே மண்ணை நனைத்து இடித்து நிரப்புங்கள். மாடு ஏறும் வழியை வேலியால் அடைத்தால் ஒரு கிழமையில் வேலி போய்விடும். ஒரே இடத்தில் கல் பதித்து வழி ஒதுக்கிக் கொடுப்பது நிலைக்கும். மொறவெவ, கோமரங்கடவலப் பக்கம் ஈரக் கட்டில் யானை ஏறினால் அடுத்த நாளே கால் பள்ளங்களை நிரப்புங்கள்.

டிப்பரையும் நெல் அறுவடை இயந்திரத்தையும் கட்டின்மேல் விடாதீர்கள். கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை 3 மணியளவில் உடைந்து 120-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கட்டின்மேல் ஓடிய மிகப் பாரமான வாகனங்கள் முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டன. இரு முனையிலும் அகலத்தைக் குறைக்கும் கொங்கிறீற் கட்டைகளை நிறுத்தினால் உழவு இயந்திரத்துக்கு மேற்பட்டது நுழையாது.

8. மண் வேலை செய்யும்போது

தாழ்ந்த உச்சியை உயர்த்த எவ்வளவு மண் வேண்டும்? 20 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் உயரமென்றால் இறுகிய அளவில் 18 கனமீற்றர். தளர்ந்த மண் இறுகும்போது குறையுமென்பதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய மேலதிகம் சேருங்கள். ஒரு கியூப் 2.83 கனமீற்றர். ஆக எட்டு, ஒன்பது கியூப் வரும். டிப்பர்காரர் "ஒரு லோட்" என்று விலை சொன்னால் எத்தனை கியூப் என்று கேட்டு, பெட்டியை நாடாவால் அளந்து பாருங்கள்.

மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கையில் ஒட்டக்கூடாது. பழைய சரிவில் புல்லைச் செதுக்கிவிட்டு, படிபோல வெட்டி, ஆறு அங்குல அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் எட்டுத் தடவையாவது உருட்டுங்கள். காய்ந்த சரிவின்மேல் மண்ணைக் கொட்டி பெக்கோ இயந்திரத்தின் வாளியால் தட்டிவிட்டுப் போவதே வழக்கமான மோசடி. முதல் மழையில் புது மண் தோல்போல உரிந்து விழும். ஒப்பந்தக்காரர் அப்படிச் செய்தால் அந்த அடுக்கிலேயே வேலையை நிறுத்துங்கள்.

மண்ணைக் கட்டுக்கு அருகே குளத்துக்குள் தோண்டாதீர்கள். காலங்காலமாகப் படிந்த களிப்படைதான் அடியால் கசிவதைத் தடுக்கிறது. குறைந்தது 30 மீற்றர் தள்ளிப் போங்கள்.

9. கடதாசி, காசு, மாதம்

அலுவலகங்களின் நிதியாண்டு சனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. குளமோ ஓகஸ்ட், செப்டெம்பரில்தான் வேலைக்கு இடம் தரும். இந்த இரண்டும் பொருந்தாததுதான் பாதிச் சிக்கல். ஆகவே சனவரியில், குளம் நிறைந்து கசிவு தெரியும்போது படமும் அளவும் எடுங்கள். பெப்ரவரியில் கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். மே மாதத்துக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டுவந்து மதிப்பீடு போடச் செய்யுங்கள். யூலையில் அனுமதிகள், ஓகஸ்டில் வேலை, செப்டெம்பர் கடைசிக்குள் முடிவு. ஒக்டோபரில் தொடங்கும் மண்வேலையை ஏற்காதீர்கள். வருட இறுதியில் காசு திரும்பிவிடுமென்று அவசரப்படுத்துவார்கள். அரைகுறையாக வெட்டிய கட்டோடு மாரிக்குள் போவதைவிடக் காசு திரும்பிப் போவது மேல்.

கோவையில் இருக்க வேண்டியவை: அமைப்பின் பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் பிரதி, தீர்மானம் எடுத்த கூட்டக் குறிப்பு கையொப்பங்களோடு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், முளை எண்ணோடு படங்கள், கசிவு அளவுகள். மண் வெட்டவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் டிப்பர் வீதியில் மறிபட்டால் வேலை நாட்கள் போகும். குளம் காட்டெல்லையில் இருந்தால் வன இலாகாவின் கடிதத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். பழைய கற்றூண், கல்வெட்டு, கல்லால் கட்டிய பழந்துருசு தென்பட்டால் அசைக்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தெரியாமல் பெக்கோவால் புரட்டினாலும் வழக்கு வரும்.

சிரமதானத்தால் ஆகக்கூடியவை பற்றை வெட்டுதல், வாய்க்கால் துப்புரவு, கல் அடுக்குதல், கிறீஸ் பூசுதல். குழாயோர அரிப்பு, நழுவிய சரிவு, குறுக்கு வெடிப்பு ஆகியவற்றை ஊர்க் கையால் தொடாதீர்கள், பொறியியலாளர் வரட்டும்.

10. மழை இரவுக்கு முன்

ஒக்டோபர் முதல் கிழமைக்குள் துருசடியில் 200 வெறும் பைகள், இரண்டு கியூப் பருமணல், ஒரு கியூப் முக்கால் சல்லி, தறப்பாள் இரண்டு, கயிறு, மண்வெட்டி, விளக்கு ஆகியன இருக்க வேண்டும். பையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். அப்படியானால் ஒரு கியூபில் ஏறத்தாழ 150 மூட்டை வரும். முட்ட நிரப்பிய மூட்டை ஒன்றோடொன்று பொருந்தாது.

அடியில் மணல் கொதிப்பதுபோல ஊற்று வந்தால் அதைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்குங்கள். தண்ணீர் வட்டத்துக்குள் ஏறித் தெளிவாக வழியும்வரை உயர்த்தி, அங்கே நிறுத்துங்கள். வாயை மூடிவிடாதீர்கள். நான்கு அங்குலக் குழாயால் கட்டுக்கு மேலாகத் தண்ணீர் இழுத்து மட்டத்தை இறக்கலாமென்று நம்பியிருக்கவும் வேண்டாம். வினாடிக்கு 20 லீற்றர் போனாலும் 10 ஹெக்டேயர் நீர்ப்பரப்பில் ஒரு நாளில் இரண்டு சென்ரிமீற்றர்கூட இறங்காது. அந்த வேலை வானுடையது.

கட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். இரவில் கைத்தொலைபேசி எடுக்கமாட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும்தான் எல்லோரையும் எழுப்பும். மௌலவியிடமும் குருக்களிடமும் முன்கூட்டியே பேசி, என்ன அறிவித்தால் வெளியேற வேண்டும் என்பதை ஊருக்கே சொல்லிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119. கிராம உத்தியோகத்தர், வட்டை விதானை (வயல் நீரைப் பங்கிடுபவர்), தொழில்நுட்ப உத்தியோகத்தர் இலக்கங்களோடு இவற்றையும் துருசுக் கதவில் பெயிண்டால் எழுதுங்கள்.

வெளியேற்றத்தை எப்போது அறிவிப்பது? கசிவு கலங்கி மணிக்கு மணி கூடுகிறது, உச்சியில் குழி விழுகிறது, தண்ணீர் கட்டின் தாழ்ந்த இடத்துக்கு ஓர் அடிக்குள் ஏறி மழையும் விடவில்லை: இதில் ஒன்று நடந்தாலும் உத்தரவுக்குக் காத்திருக்காமல் ஆட்களை எழுப்புங்கள். கட்டில் நிற்பவர்கள் இருவர் இருவராக, இடுப்பில் கயிறோடு நிற்கட்டும். உச்சியை வெட்டித் தண்ணீரை விட யாராவது மண்வெட்டி எடுத்தால் தடுங்கள்.

வெள்ளம் இறங்கிய மறுநாள் காலையில் மீண்டும் மூன்று தடவை நடந்து பாருங்கள். உட்சரிவு நழுவுவது பலவேளை நீர் இறங்கும்போதுதான். அளவுக் கம்பத்திலும் வான் சுவரிலும் தண்ணீர் ஏறிநின்ற கறை காய்ந்து மறையுமுன் பெயிண்டால் கோடு போட்டு, திகதியும் நேரமும் எழுதுங்கள். வானைப் பெருப்பிக்கக் கேட்டு எழுதும் அடுத்த கடிதத்துக்கு அந்தக் கோட்டின் படத்தை முதல் பக்கத்தில் இணையுங்கள்.